இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செயற்கை நுண்ணறிவு பற்றி இசையமைப்பாளர்கள் பேசியிருந்த ஞாயிறு இணைப்புக் கட்டுரையை இரண்டு தரம் படித்தேன். முதல் தரம் கண்ணில் பட்டது சரிதானா என்று பார்க்கத்தான் இரண்டாம் தரம். சரிதான். "ஆர்மோனியத்தையே எதிர்த்தவர்கள் நாம், இதுவும் ஒரு கருவிதானே" என்று ஓர் இளம் இசையமைப்பாளர் சொல்லியிருக்கிறார். அதைப் பெட்டி கட்டிப் பெரிய எழுத்தில் வேறு போட்டிருக்கிறீர்கள்.

வானொலி 1940இல் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டதும் அது 1971 வரை நீடித்ததும் தாங்கள் அறியாததல்ல. ஆனால் ஆர்மோனியம் வந்தபின் வடக்கே பாடகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வில் போட்டு வாசிக்கும் சாரங்கியை வாசித்துவந்தவர் எங்கே போனார் என்று அந்தத் தம்பியிடம் தங்கள் நிருபர் கேட்டிருக்கலாம்.

நான் மும்பை மாட்டுங்காவாசி. கர்நாடக சங்கீதம் கற்று, வயிற்றுப்பாட்டுக்கு இந்திப் பட ரெக்கார்டிங்குகளில் பிடில் வாசித்தவன். தார்தேவ், பாந்த்ரா ஸ்டூடியோக்களில் முப்பது பிடில்கள் ஒன்றாக உட்கார்ந்த காலம். பக்கத்து நாற்காலியில் பெரும்பாலும் கோவாக்காரர். மேல்நாட்டு இசைக்குறிப்பான ஸ்டாஃப் நொட்டேஷன் படிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். பதிலுக்கு என் தயிர்சாதத்தில் பாதி அவருக்கு. இந்தி இசையமைப்பாளர் இரட்டையர் சங்கர்-ஜெய்கிஷன் பாட்டுகளுக்கு எந்த வாத்தியம் எதை வாசிப்பது என்று அரேஞ்ச் செய்த செபாஸ்டியன் டிசோசாவின் பெயரே பலருக்குத் தெரியாது, எங்கள் பெயர் யாருக்குத் தெரியப்போகிறது?

எண்பதுகளின் கடைசியில் கீபோர்டு வந்தது. முப்பது எட்டானது, எட்டு இரண்டானது. அன்று எங்களை வேலைக்கு வைத்திருந்த எந்த இசையமைப்பாளரும் ஆன்மா, ஜீவன் என்று வாய் திறக்கவில்லை. காலம் மாறுகிறது என்று தோளைத் தட்டி அனுப்பினார்கள். இப்போது அவர்கள் நாற்காலிக்கே மெஷின் வந்ததும், தங்கள் கட்டுரையில் பேசிய ஐந்து பேரில் மூன்று பேருக்கு ஆன்மா ஞாபகம் வந்திருக்கிறது. சந்தோஷம்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தேரியில் ஒரு ஸ்டூடியோவுக்குக் கூப்பிட்டார்கள். பாட்டு இல்லை, நொட்டேஷனும் இல்லை. ஒவ்வொரு ஸ்வரமாக வாசிக்கச் சொன்னார்கள். மெதுவாக ஒரு தரம், பலமாக ஒரு தரம், வில்லை நீளமாக இழுத்து ஒரு தரம், தட்டி ஒரு தரம். காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை இதேதான். என் பிடிலில் ஜி தந்தியில் ஓரிடத்தில் லேசாக 'கர்' என்று ஓர் உறுமல் உண்டு. இன்னொரு தரம் வாசிக்கட்டுமா என்றேன். வேண்டாம், இதுதான் அசலாக இருக்கிறது என்றார் இன்ஜினியர். ஒரு ஷிஃப்ட் பணம் கொடுத்தார்கள். அப்புறம் கூப்பிடவே இல்லை. இரண்டு வருஷம் கழித்து, கீரை ஆய்ந்தபடி சீரியல் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, "உங்க பிடில் மாதிரி இருக்கே" என்றாள். மாமியார் மருமகளை முறைக்கும் இடம். அதே 'கர்'. அன்று பதிவு செய்த ஸ்வரங்களைக் கீபோர்டில் ஏற்றி வாசித்திருக்கிறார்கள்.

இன்றைய மெஷின் அந்த ஒரு ஷிஃப்ட் பணமும் தருவதில்லை. 2024 ஜூனில் அமெரிக்க ரெக்கார்ட் கம்பெனிகள் தானே பாட்டு உண்டாக்கும் மெஷின்காரர்களான சூனோ, யூடியோ மீது வழக்குப் போட்டதே, தங்கள் பாட்டுகளைக் கேட்காமல் எடுத்துப் பாடம் படித்துக்கொண்டார்கள் என்றுதான்.

பாடகர்களுக்காவது முகம் இருக்கிறது. பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை அவர்கள் மறைவுக்குப் பின் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிப் பயன்படுத்திய ஏ.ஆர். ரஹ்மான், குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று ஊதியமும் கொடுத்ததாக 2024இல் சொன்னார். அரிஜித் சிங் குரலை நகலெடுப்பதற்கு அதே வருஷம் தடை விதித்தது எங்கள் ஊர் ஐகோர்ட். என் 'கர்' எந்தக் கோர்ட்டுக்குப் போகும்? 2012இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி இசையமைப்பாளர், பாடலாசிரியர் ராயல்டிக்கு வழி செய்தார்கள், நல்ல காரியம். அதே திருத்தத்தில், படத்தில் போகிறபோக்கில் வந்துபோகிறவர், டைட்டிலில் பெயர் போடும் வழக்கமில்லாதவர் என்றால் அநேகமாக அவர் கலைஞர் கணக்கிலேயே வரமாட்டார் என்றும் எழுதி வைத்தார்கள். எங்களை மனதில் வைத்து எழுதினார்களோ இல்லையோ, டைட்டிலில் பெயர் போடாதது யார் குற்றம்?

தங்களிடம் சொல்லி என்ன. மார்கழியில் சென்னை சபா கேன்டீன் போண்டாவுக்கு அரைப்பக்கம் ஒதுக்கும் தங்கள் பத்திரிகை, எங்கள் ஊர் சண்முகானந்தா ஹால் கச்சேரிக்கு நாலு வரி எழுதி நான் பார்த்ததில்லை. இதைப் பற்றி மூன்று வருஷத்துக்கு முன் எழுதிய கடிதமும் பிரசுரமாகவில்லை. இடப்பற்றாக்குறை என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது கேட்பது சின்ன விஷயம். கட்டுரையோடு ஒரு பழைய ரெக்கார்டிங் படம் போட்டிருந்தீர்கள். கீழே இசையமைப்பாளர் பெயர், "மற்றும் வாத்தியக் குழுவினர்". அந்தக் குழுவினர் பன்னிரண்டு பேர். பத்துப் பேர் பெயரைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன், என் பெயரும் அதில் இருக்கிறது. அடுத்த இதழில் ஏதாவது மூலையில் போட்டால் போதும். செல்லோக்காரர் பெயரும் ஓரத்தில் பாதி முகம் தெரிபவர் பெயரும் நினைவில்லை. கோவா நண்பரின் மகளிடம் போனில் கேட்டிருக்கிறேன். தெரிந்ததும் கார்டு போடுகிறேன்.

இப்படிக்கு,
இரண்டாம் வரிசை, இடமிருந்து நான்காவது,
மாட்டுங்கா, மும்பை.