தோள் எப்படி இருக்கிறது?

தம்பிக்கு,

வாட்ஸப்பில் எழுதினால் கட்டைவிரல் படம் ஒன்று வரும், அதோடு சரி. அதனால்தான் மின்னஞ்சல். ஓ லெவல் தமிழில் ஏ வாங்கியவன் நீ, பொறுமையாகப் படி.

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு மருத்துவமனையில் இரவு வேலையைக் குறைத்துவிட்டார்கள். அக்கா பிள்ளைக்குப் பல் முளைக்கிறது, டிவி ரிமோட்டைக் கண்டால் விடுவதில்லை. மற்றது எல்லாம் பழையபடிதான்.

தோள் எப்படி இருக்கிறது? துனிசியாவில், அந்த மொனாஸ்டிர் டென்னிஸ் ஆட்டத்தன்று தூங்காமல் உட்கார்ந்திருந்தேன். உனக்கு அங்கே மாலை ஆறு மணி, இங்கே இரவு ஒன்று. அம்மா எழுந்துவிடக் கூடாது என்று சமையலறையில் விளக்குப் போடாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படம் ஓடவில்லை, எண்கள் மட்டும்தான். முதல் செட் 6-3. இரண்டாவதில் 4-1. உன் சர்வீஸ், 30-0. அதற்கப்புறம் டபுள் ஃபால்ட், இரண்டு சர்வும் தப்பி, புள்ளி எதிராளிக்கு. உடனே இன்னொன்று. 40-30 வந்தது, மறுபடியும் டபுள் ஃபால்ட். கேம் போய்விட்டது. அடுத்த சர்வீஸ் கேமும் போய், செட்டே 4-6 என்று போய்விட்டது. மூன்றாவது செட்டில் நீ 6-1 என்று அடித்து முடித்துவிட்டாய். ஒரு டபுள் ஃபால்ட்கூட இல்லை.

ஜெயித்த ஆட்டத்தைப் போய் இந்த மனுஷன் ஏன் நோண்டுகிறார் என்று நினைப்பாய். தோள் வலித்ததா என்று கேட்கிறேன், அவ்வளவுதான். வலித்தது என்றால் சொல்லிவிடு. உண்மையைச் சொன்னால், வலித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

வலியை மறைக்காதே. சென்னைப் பையன் பிரஜ்னேஷ் குணேஸ்வரனைப் பற்றி உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. முழங்கால் எலும்பில் விரிசல் விட்டு வருஷக்கணக்கில் மட்டையைத் தொடமுடியாமல் இருந்தவர். 29 வயதில், 2019-ல்தான் உலகத் தரவரிசையில் முதல் நூறுக்குள் வந்தார், 75 வரை போனார். உனக்கு 29 ஆக இன்னும் எவ்வளவு இருக்கிறது! அல்கராஸ் 19 வயதில் உலகின் முதல் ஆள் ஆனார் என்று யாராவது சொன்னால், 19 வயதில் என் மகன் தெக்கோங் தீவில் முதுகில் மூட்டையோடு ஓடிக்கொண்டிருந்தான் என்று சொல்வேன். சொல்லியும் இருக்கிறேன், உன் சித்தப்பாவிடம். இரண்டு வருஷம் என்எஸ் என்கிற கட்டாய ராணுவச் சேவை, நடுவில் கிடைத்த விடுமுறையில் காலாங்கில் பயிற்சி, அதற்குப் பிறகு பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்து ஏடிபி உலகத் தரவரிசைப் பட்டியலில் பெயர் வர வைத்திருக்கிறாய். அந்த முதல் புள்ளி வந்த பக்கத்தை அச்செடுத்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். உன் பெயருக்கு மேலே எத்தனை பேர் என்று அக்கா எண்ணிச் சிரித்தாள். சிரிக்கட்டும்.

ஆனால் தம்பி, பணம் வேண்டாம் என்று ஏன் சொன்னாய்? "இனிமேல் அனுப்பாதீங்க அப்பா, சமாளிச்சுக்கிறேன்." எப்படிச் சமாளிக்கிறாய் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. எனக்கும் கணக்குத் தெரியும். எம்15 என்கிற கீழ்மட்டப் போட்டியில் பட்டம் வென்றவனுக்கே 2,160 அமெரிக்க டாலர்தான். முதல் சுற்றில் தோற்றால் 156. அதில் வரி போகும். ஹோட்டல், சாப்பாடு, ஸ்டிரிங், அடுத்த ஊருக்கு டிக்கெட் எல்லாம் அதற்குள் அடங்குமா? 2013 கணக்கை வைத்து சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பான ஐடிஎஃப் காரர்களே ஆராய்ந்து, ஆண்களில் தரவரிசையில் 336-வது இடத்தில் இருப்பவனுக்குத்தான் வரவும் செலவும் சமமாகிறது என்று சொன்னார்கள். அதுவும் பயிற்சியாளர் செலவைச் சேர்க்காமல். நீ இருக்கிற இடத்தில் கைக்காசு போடாமல் யாராலும் ஆடமுடியாது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டிலிருந்து பணம் வாங்குவது அவமானமா?

அக்காவுக்கு நீ அனுப்பிய படத்தை நானும் பார்த்தேன். கட்டில் ஒன்றுதான் இருந்தது, ஜன்னலில் கடல் தெரிந்தது. போன மாதம் வரை அந்த செர்பியப் பையனோடு அறையைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தாய். அவன் குறட்டை விடுகிறான் என்று தனியாகப் போயிருப்பாய். அப்படித்தான் அம்மாவிடம் சொன்னேன். அவள் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

யாரிடமாவது கைமாற்று வாங்கியிருந்தால் சொல். பெரியப்பா வீட்டுக் கதவு உனக்கு நினைவிருக்கும். வட்டிக்காரன் ஆட்கள் ஊற்றிவிட்டுப் போன அந்தச் சிவப்புச் சாயத்தை அம்மா தின்னர் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது நீதான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். பெரியப்பா முதலில் வாங்கியது ஐந்நூறு வெள்ளி. எங்களிடம் கேட்டிருந்தால் அன்றைக்கே கொடுத்திருப்போம். கேட்கத் தயங்கினார், அங்கே ஆரம்பித்ததுதான் எல்லாம். வேறு எதையும் நான் சொல்லவரவில்லை.

சாப்பாட்டைக் கவனி. ஆட்டம் முடிந்த பிறகு வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே.

1994-ல் ஃபுட்பால் பார்க்க மலேசியாவின் ஷா ஆலமுக்கு பஸ்ஸில் போன கதையை எத்தனை தடவை சொல்லுவீங்க என்று நீ கேலி செய்வாய். நம் சிங்கப்பூர் அணி பகாங்கை 4-0 என்று அடித்து மலேசியக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு வந்த ராத்திரி, காஸ்வேயில் முன்பின் தெரியாதவர்கள் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். அது வரைக்கும்தான் உனக்குச் சொல்லியிருக்கிறேன். அந்தச் சமயத்தில்தான் ஆட்டத்தை விற்றார்கள் என்று வழக்குகள் வந்தன. மறு வருஷம் நம் அணி மலேசியப் போட்டிகளிலேயே இல்லை. அதற்குப் பிறகு பழைய ஆட்டங்களை நினைத்தாலே சந்தேகம்தான். அன்றைக்கு அந்தப் பந்தை ஏன் அப்படிக் கோட்டைவிட்டான்? கால் வழுக்கியதா, வேறு ஏதாவதா? ஒழுங்காக ஆடியவனையும் சேர்த்துத்தான் அப்படிப் பார்த்தேன். அது எவ்வளவு அநியாயம் என்று தெரிந்தும் பார்த்தேன். உன் தாத்தா அப்புறம் சாகும்வரை டிவியில்கூட ஃபுட்பால் பார்க்கவில்லை. சுந்தரமூர்த்தி ஆடினால் சாப்பாட்டுத் தட்டோடு வந்து உட்கார்ந்தவர்.

உங்கள் ஆட்டத்திலும் இப்படி ஒன்றைப் படித்தேன், அதனால் சொல்கிறேன். பெல்ஜியத்தில் 2023-ல் ஒரு ஆளுக்கு ஐந்து வருஷம் சிறைத் தண்டனை கொடுத்தார்கள். மாஸ்ட்ரோ என்பது அவனுடைய பட்டப்பெயர். 180-க்கும் மேற்பட்ட டென்னிஸ்காரர்கள் அவன் வலையில் இருந்தார்களாம். பெரிய ஆட்டக்காரர்கள் பக்கம் அவன் அதிகம் போகவில்லை. கீழே, உன்னைப் போல அடுத்த வாரத்து டிக்கெட்டுக்குக் கணக்குப் போடுகிற பையன்களாகப் பார்த்துத்தான் பேச்சுக் கொடுத்தான். ஆட்டத்தையே தோற்கச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு செட், சில சமயம் ஒரே ஒரு சர்வீஸ் கேம் போதும். ஆட்டத்தை நீயே ஜெயித்துக்கொள்ளலாம், யாருக்கும் ஒன்றும் நஷ்டமில்லை என்பது போல. நடுவர் கையிலிருக்கிற கருவியில் தட்டுகிற ஸ்கோர் அந்த நொடியே பந்தயக்காரர்களுக்குப் போய்விடுகிறது. பத்துப் பேர்கூட வந்து பார்க்காத ஆட்டத்தின் மேல் எங்கிருந்தெல்லாமோ காசு கட்டுகிறார்கள். எனக்கு இதெல்லாம் தெரியாமலே இருந்திருக்கலாம். தெரிந்துகொண்ட பிறகு அந்த எண்களைப் பழையபடி பார்க்கமுடியவில்லை.

உன்னைச் சொல்லவில்லை. உன்னை எனக்குத் தெரியும். பதினோரு வயதில், கோட்டுக்கு வெளியே போன பந்தை எதிராளி உள்ளே என்று நினைத்து விட்டுக்கொடுத்தபோது, நீயே போய் "அவுட்" என்று சொல்லி அந்த ஆட்டத்தைத் தோற்றுவிட்டு வந்தாய். கார்ப்பார்க் வரை நான் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். நீ அழவில்லை, "வெளியேதான் போச்சுப்பா" என்று மட்டும் சொன்னாய்.

இன்னொன்றும் உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்லிவைக்கிறேன். ஐபின் என்கிற ஆட்டக்காரர் எண்ணுக்குப் பதிவு செய்யும்போது கணினியில் ஒரு பாடம் முடிக்க வேண்டியிருந்தது இல்லையா? சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, இடியாப்பத்தைப் பிய்த்துக்கொண்டே கேள்விகளைச் சத்தமாகப் படித்தாய். "உங்களிடம் ஒருவர் பணம் தருவதாகச் சொல்கிறார், நீங்கள் மறுத்துவிட்டீர்கள். அடுத்து என்ன செய்வீர்கள்?" இடியாப்பத்தை முடித்துவிட்டுச் சொல்கிறேன் என்று நீ சொன்னதற்கு அம்மா சிரித்தாள். சரியான பதில், டென்னிஸில் இந்த மாதிரி ஊழலை விசாரிக்கிற ஐடிஐஏவுக்கு உடனே தெரிவிப்பது. மாட்டேன் என்று சொன்னால் மட்டும் போதாது. சொல்லாமல் விட்டாலே அது தனிக் குற்றம், அதற்கும் தடை போடுவார்கள். அதனால் யாராவது உன்னிடம் பேசியிருந்தால், ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தால்கூட, நீ என்ன பதில் சொன்னாய் என்பது எனக்கு அடுத்த விஷயம். பேசினான் என்பதை எழுதிப்போட்டுவிடு. மெசேஜை அழித்துவிடாதே. போனைக் கேட்டால் கொடுத்துவிட வேண்டும், மறுத்தால் அது வேறு குற்றமாகிவிடும்.

அதைவிடப் பெரிதாக ஏதாவது என்றால் அடுத்த விமானத்தில் புறப்பட்டு வா. டிக்கெட் நான் போடுகிறேன். வந்த பிறகு பேசுவோம், வக்கீல் பார்ப்போம். பேச விருப்பமில்லை என்றால் முதல் நாள் தூங்கு.

அம்மாவிடம் போன் பேசி எவ்வளவு நாளாயிற்று? தோற்ற அன்றைக்குப் பேசமாட்டாய், புரிகிறது. ஜெயித்த அன்றைக்கும் பேசாவிட்டால் அவள் என்ன நினைப்பாள்? "புள்ளைக்கு நேரமிருக்காது" என்று என்னைத்தான் சமாதானப்படுத்துகிறாள். இவ்வளவு செய்து வளர்த்தவளுக்கு ஐந்து நிமிஷம் கொடுக்கமுடியாதா உனக்கு? பயிற்சிக்காக ஐந்து மணிக்கு எழுந்து உனக்கு முட்டை அவித்தவள் அவள். நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன்.

பணம் அனுப்பியாகிவிட்டது. இரண்டாயிரம் வெள்ளி, இன்று காலை போட்டேன். வேண்டாம் என்று திருப்பி அனுப்பாதே, வங்கிக்காரன் இரண்டு பக்கமும் கட்டணம் பிடிப்பான். ஓய்வுக்காலத்துக்கு வைத்திருக்கிற மசேநிதியை உடைத்து எடுத்த பணம் இல்லை, ஓவர்டைம் பணம்தான், பயப்படாதே. அடுத்த மாதமும் வரும். உனக்கு வேறு எங்கிருந்து வந்தாலும் இது வரும்.

பயிற்சியாளர் சர்வீஸை வீடியோ எடுத்திருந்தால் எனக்கு அனுப்பு. பந்தை மேலே போடுகிற கை கொஞ்சம் இடது பக்கம் போகிறது என்று நினைக்கிறேன், ஷா ஆலம் பஸ்ஸில் போனவன் என்ன கண்டான் என்று கேட்காதே.

அப்பா

பி.கு. உன் சர்வீஸைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டால் அப்படியே சொல்.