எங்கள் கோப்பையை எட்டிப் பார்த்த கட்டுரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மெல்பேர்ணில் இருக்கும் ஓர் இந்திய, நேபாள பஃபே கடையில் சாப்பிட்டதைப் பற்றி ஒரு தம்பி உங்கள் ஞாயிறு இணைப்பில் எழுதியிருந்தார். அது வந்து கனநாளாகிவிட்டதே, இப்போது ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். அதுவும் உங்கள் பக்கத்துக் குறைதான்.

கட்டுரை முழுவதையும் நான் குறை சொல்லவில்லை. பட்டர் சிக்கனைப் பற்றி ஒரு பத்தி, குலாப் ஜாமுனைப் பற்றி இரண்டு பத்தி, நன்றாகத்தான் இருக்கிறது. நடுவில்தான் அந்த வரி. பக்கத்து மேசையில், இலங்கையின் வடக்கில் போர் நடந்த எங்கள் வன்னிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று இருந்ததாம். சாப்பாட்டுக் கோப்பையில் மலைபோலக் குவித்துக்கொண்டு வந்ததாம். "பசி கிடந்த சனம், வேறென்ன செய்யும்" என்று தம்பி மனமிரங்குகிறார். அவர்கள் வன்னி ஆட்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நெற்றியில் வன்னி வழியே போகும் ஏ9 வீதியின் பெயரை எழுதி ஒட்டியிருந்தார்களா? கதைத்துப் பார்த்ததாகவும் எழுதவில்லை. குவித்தவர்களைக் கண்டதும் வன்னி என்று முடிவு கட்டிவிட்டார். அதை நீங்களும் அப்படியே அச்சில் ஏற்றிவிட்டீர்கள்.

நானும் மெல்பேர்ணில் அப்படியொரு கடையில் சாப்பிட்டவள்தான். மகள் அங்கே இருக்கிறாள், பேத்தி பிறந்தபோது போயிருந்தேன். அதற்கு முன்னும் பின்னும் வன்னியில் எங்கள் ஊரான முள்ளியவளையில் சிறிதாகச் சாப்பாட்டுக் கடை நடத்தியவள் என்பதால், அங்கே போனதும் என் கண் சாப்பாட்டை விட்டு அடுப்படியைத்தான் தேடியது. தட்டங்கள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றின் அடியிலும் வெந்நீர், அதற்கும் கீழே சின்னதாக நெருப்பு. சூடான சாப்பாட்டை 60 பாகை செல்சியசுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். வரிசையின் தொடக்கத்தில் சோறும் பப்படமும் பருப்பும், ஆட்டிறைச்சி கடைசியில். கோப்பையும் வீட்டுக் கோப்பையை விடக் கொஞ்சம் சின்னது. இறைச்சியிடம் போய்ச் சேரும்போது கோப்பையில் இடம் இருக்காது. இது கடைக்காரரின் கணக்கு, எனக்கு விளங்கியது, சிரித்துக்கொண்டேன். தம்பி அதை வடிவாகப் பார்த்திருந்தால், கோப்பை மலையாவதற்குப் பசி மட்டும் காரணமில்லை என்று அவருக்கும் விளங்கியிருக்கும்.

அங்கே குவித்தவர்களையும் பார்த்தேன். மதியச் சாப்பாட்டுக்கு வந்த வேலைத்தல இளைஞர்கள் குவித்தார்கள். ஒரு பிறந்தநாள் கூட்டம் குவித்து, பாதியை அப்படியே விட்டுவிட்டுக் கேக் வெட்டப் போனது. நம்முடைய மொழி பேசும் ஆட்களும் இருந்தார்கள், அவர்களும் குறைவைக்கவில்லை. எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. சாப்பிடுகிறவர்களிடம் போய் ஊர் கேட்கிற பழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை.

இருந்திருந்தால் 1995 ஒக்டோபர் இடப்பெயர்வுக்குப் பிறகு கேட்டிருப்போம். போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து ஒரே இரவில் சனம் கிளம்பியதும், பக்கத்துத் தென்மராட்சியில் கொஞ்சக் காலம் தங்கிவிட்டு எத்தனையோ குடும்பங்கள் கடல்நீரேரி கடந்து வன்னிக்கு வந்ததும் உங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் மாமியார் வீட்டு விறாந்தையிலும் மாட்டுக் கொட்டில் பக்கத்திலும் ஆட்கள் இருந்தார்கள். சோற்றை வாழையிலையில் போட்டோம். யார் இரண்டாம் தரம் கேட்டார்கள், யார் எவ்வளவு குவித்தார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அவர்களில் சிலரின் பிள்ளைகள் இன்று பெரிய எழுத்தாளர்கள். சந்தோஷம்.

சரி, பசியைப் பற்றித்தானே தம்பி எழுதினார், அதையும் சொல்லிவிடுகிறேன். 2009இல் போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் கஞ்சிக்கு வரிசையில் நின்றவள் நான். அரிசி, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான் அந்தக் கஞ்சி. அப்புறம் செட்டிகுளத்தில் மெனிக் பாம் அகதி முகாமிலும் வரிசைதான். அப்படி நின்றவர்களுக்கு ஒரு பழக்கம் வரும். அகப்பையைப் பிடிக்கும்போது கண் பின்னுக்குப் போகும், இன்னும் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று. என் கணவர் மெல்பேர்ண் கடையிலும் அதைத்தான் செய்தார். ஒரு கரண்டி சோறு, கொஞ்சம் பருப்பு, ஒரு துண்டுக் கோழி. "காசு கட்டியாச்சு அப்பா, நல்லா எடுங்கோ" என்று மகள் கத்துகிறாள், மனிதர் கேட்கவில்லை. கோப்பையில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை. பசி கிடந்த சனம் எப்படிச் சாப்பிடும் என்று தம்பிக்குத் தெரிய வேண்டுமானால் என் கணவருக்குப் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும்.

கட்டுரையில் இன்னொரு அறிவுரையும் இருந்தது. நேபாளச் சாப்பாடு என்று தனியாக ஒன்றும் இல்லை, எல்லாம் இந்தியச் சாப்பாட்டின் மலிவுப் பதிப்புத்தானாம். அந்தக் கடையில் மோமோ தட்டத்தை நிரப்பிக்கொண்டிருந்த பிள்ளை ஒரு நேபாளப் பெண், படிக்க வந்தவள், மாலையில் இங்கே வேலை. மகளை வைத்துக்கொண்டு அவளோடு கதைத்தேன். மோமோவை ஏன் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து வைக்கிறீர்கள் என்று கேட்டேன். ஆவியில் அவித்தது, தட்டத்தில் கிடந்தால் மேல்தோல் காய்ந்து வெடித்துவிடும் என்றாள். கொழுக்கட்டை அவிக்கிற எனக்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. கூட இருந்த தக்காளி அச்சாரில் திமூர் என்று ஒரு மிளகு போட்டிருந்தார்கள், நாக்கு விறைத்துப் போகும், இந்தியக் கறி எதிலும் அப்படியொன்றை நான் சாப்பிட்டதில்லை. குந்துருக் என்று ஒன்று இருந்தது. கீரையைப் புளிக்க வைத்து வெயிலில் உலர்த்தி எடுப்பார்களாம், மலையில் குளிர்காலத்தில் பச்சைக்கீரை கிடைக்காதபோது அதைக் கரைத்துச் சூப் வைப்பார்களாம். எடுத்தவர்கள் குறைவு. அதனால்தான் பெயர்ப்பலகையில் ‘இந்திய’ முன்னுக்கும் ‘நேபாள’ பின்னுக்கும் நிற்கிறது என்று அந்தப் பிள்ளை சொன்னாள். சனம் பட்டர் சிக்கனைத் தேடி வரும், வந்த இடத்தில் மோமோவும் பிடித்துப்போகும். வீட்டில் அவர்கள் சாப்பிடுவது தால் பாத், அதாவது சோறும் பருப்பும், பக்கத்தில் மரக்கறியும் அச்சாரும். எங்கள் வீட்டுச் சோறு, பருப்பு, சம்பல் மாதிரித்தான்.

இலங்கை என்றதும் முதலில் கிரிக்கெட் சொன்னாள். பிறகு போர் என்று கேள்விப்பட்டதாகச் சொன்னாள். அவளுடைய ஊர் கோர்க்கா பக்கம். 2015 ஏப்ரல் நிலநடுக்கத்தில் வீடு போய், பள்ளிக்கூட வயதில் பல மாதம் தறப்பாளின் கீழ் இருந்தவள். தறப்பாளுக்குள் மத்தியானச் சூடு எப்படியிருக்கும் என்று நானும் அவளும் கதைத்தோம். கடைக்காரர் பார்க்கிறார் என்று அவள் ஓடிவிட்டாள். தம்பியின் கட்டுரையில் இந்தப் பிள்ளைகள் ஒருவரும் இல்லை. தட்டங்கள் தாமாகவே நிரம்பின போலிருக்கிறது.

இப்படி எழுதுவதற்குத் தம்பியை மட்டும் குற்றம் சொல்ல முடியுமா? உங்கள் பத்திரிகையில் வன்னி எப்போது வருகிறது என்று பாருங்கள். யானை அடித்தால் வரும், வெள்ளம் வந்தால் வரும், மே மாத நினைவேந்தல் வந்தால் வரும். இரணைமடுத் தண்ணீரில் விளைந்த நெல்லும், நந்திக்கடல் இறாலும், வைகாசி ஆனியில் காட்டில் பழுக்கும் பாலைப்பழமும், எருமைத் தயிரும் உங்கள் சமையல் பக்கத்துக்கு எட்டவில்லை. ஒருமுறை ‘வன்னிச் சமையல்’ என்று தலைப்புப் போட்டு ஒடியல் கூழைப் போட்டீர்கள். எங்களுக்கும் கூழ் பிடிக்கும், ஆனால் அது யாழ்ப்பாணத்துச் சாமான் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அப்போதும் கடிதம் எழுதினேன். விவசாயத் திணைக்களத்தின் துணையோடு எங்கள் பெண்கள் நடத்தும் அம்மாச்சி உணவகங்களைப் பற்றி அதில் நீளமாக எழுதியிருந்தேன். கண்ணுக்கு முன்னால் சுட்டுத் தருகிற தோசையையும் குரக்கன் புட்டையும் பற்றி வாரம் ஒருமுறை எழுதினாலும் தகும். நீங்கள் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு, ‘கட்டுரைக்கு நன்றி’ என்ற முதல் வரியை மட்டும் போட்டீர்கள்.

பஃபே என்றால் என்ன என்று தம்பி எங்களுக்கு விளக்கம் வேறு தந்திருக்கிறார். எங்கள் கலியாண மண்டபங்களில் பந்தி போய் பஃபே வந்து கனகாலம். வீதியோரத்தில் புதிதாக வந்த ஒரு பெரிய கடையிலும் இந்தியச் சாப்பாட்டு பஃபே வைக்கிறார்கள். பெயர் வேண்டாம். தங்கச்சி குடும்பத்தோடு போனோம். பனீர் கறி ஆறிக் கிடந்தது, அடியில் நெருப்பே இல்லை. அது கூடப் பரவாயில்லை. நாங்கள் எழுந்து போன ஒவ்வொரு தடவையும் ஒரு பையன் பின்னால் வந்து நின்று கோப்பையைப் பார்த்தான். பக்கத்து மேசையில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள், அரைக் காற்சட்டையோடு, இறால் தட்டத்தையே வழித்தெடுத்தார்கள். அவர்களிடம் அதே பையன் "இன்னும் சூடாகக் கொண்டுவரட்டுமா அண்ணை" என்று கேட்டான். நாங்களும் அதே காசுதான் கட்டினோம். முதலாளியிடம் சொன்னேன், "பெடியனுக்குத் தெரியாது அம்மா, குறை நினைக்காதேங்கோ" என்று சிரித்தார். அந்தப் பையன் உங்கள் இணைப்பை வாசிக்கிறவனாக இருக்கக்கூடும்.

கடைசியில் சொல்கிறேன் என்ற விஷயத்துக்கு வருகிறேன். முள்ளியவளைக்கு உங்கள் பத்திரிகை பஸ்ஸில்தான் வருகிறது. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை அநேகமாக இணைப்பில்லாமல் வருகிறது. கடைக்காரரிடம் கேட்டால் "வவுனியாவிலேயே கழண்டிடுது அக்கா" என்கிறார். விலை மட்டும் முழு விலை. இந்தக் கட்டுரையை யாழ்ப்பாணத்தில் இருக்கும் பெறாமகள், நான் கோபப்படுவேன் என்று தெரிந்தே, எடுத்து வைத்திருந்து தந்தாள். எங்களைப் பற்றி எழுதியதை நாங்கள் பிந்தி வாசிக்கிறோம், அதுவும் ஓசியில்.

மன்னிப்போ திருத்தமோ நான் கேட்கவில்லை. விநியோகப் பகுதிக்கு ஒரு வார்த்தை சொல்லி, ஞாயிறு இணைப்பைப் பத்திரிகைக்குள் மடித்து வைத்து, நூலால் கட்டி அனுப்பச் சொல்லுங்கள். நூலுக்குக் காசு தேவையென்றால் அடுத்த மாதம் விலையோடு சேர்த்துக் கடைக்காரரிடம் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி ஒருவர்,
முள்ளியவளை.