அந்த மதியத் தலைப்பு

அன்புள்ள கயல்,

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, "யார் ஜெயிச்சாங்கன்னு ராத்திரியே டிவியில சொல்லிடுவாங்கப்பா" என்றாய். அமெரிக்கக் குடியுரிமை வாங்கி நீ போடப்போகும் முதல் ஓட்டு இது. அதனால் நான் வீட்டில் பேசாத ஒரு கதையைச் சொல்கிறேன்.

2000 நவம்பர் 8. நான் மதுரையில் ஒரு மாலைப் பத்திரிகையின் டெஸ்க்கில் இருந்தேன். அமெரிக்காவில் அதிபர் தேர்தல் நடந்த 7-ஆம் தேதி ராத்திரி, நமக்கு மறுநாள் பகல். நான் ஆபீஸ் போவதற்குள்ளேயே ஃபுளோரிடா மாநிலம், புஷ்ஷை எதிர்த்து நின்ற அல் கோருக்கு என்று அங்கத்திய டிவி சேனல்கள் கணித்துச் சொல்லியிருந்தன. அந்த மாநிலத்தின் மேற்குக் கோடியில், பென்சகோலா பக்கம், கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் ஓடும். அங்கே ஓட்டுப்பதிவு முடிய இன்னும் பத்து நிமிடம் இருந்தது! இரண்டு மணி நேரம் கழித்து அந்த அறிவிப்பை வாபஸ் வாங்கினார்கள்.

எங்களுக்கு ஒரு மணிக்கு முதல் பக்கம் முடித்தாக வேண்டும். பன்னிரண்டே முக்காலுக்கு ஃபாக்ஸ், ஃபுளோரிடாவும், அதனால் அதிபர் நாற்காலியும் புஷ்ஷுக்கு என்றது. சில நிமிடங்களில் என்பிசி, சிஎன்என், சிபிஎஸ், ஏபிசி எல்லாமே அதையே சொல்லிவிட்டன. எங்கள் ஆபீஸ் டிவியில் ஓடியது சிஎன்என். ஏபி செய்தி நிறுவனம் மட்டும் வாய் திறக்கவில்லை. "ஏபி இன்னும் சொல்லலையே சார்" என்று முனகிப் பார்த்தேன். "அஞ்சு சேனல் சொல்லுது, அப்புறம் என்ன?" என்றார் ஆசிரியர். எட்டு காலத் தலைப்பு போட்டேன்: 'புஷ் வெற்றி'. கடைகளில் தொங்கவிடும் போஸ்டரிலும் அதேதான்.

இரண்டரை மணிக்கு மறுபடி வாபஸ். அதற்குள் கட்டுகள் பஸ் ஏறிவிட்டன. அங்கே நாஷ்வில்லில், தோல்வியை ஒப்புக்கொண்டு புஷ்ஷுக்கு ஃபோன் பண்ணிவிட்டு, தூறலில் மேடைக்குக் கிளம்பிய அல் கோர், கடைசி நேரத்தில் நிறுத்தப்பட்டு, மறுபடி ஃபோன் போட்டுத் தன் வார்த்தையைத் திரும்பப் பெற்றார்.

எங்கே தப்பு என்று பிறகுதான் படித்தேன். ஐந்து சேனல்களும் ஏபியும் கூட்டாக நடத்திய விஎன்எஸ் என்ற ஒரே அமைப்பிடமிருந்துதான் எல்லோருக்கும் எண்கள் வந்தன. ஆசிரியர் எண்ணிய அந்த ஐந்து சேனலும் ஒரே அண்டாவில் மொண்ட ரசம். ஏபி தன் கையில் இருந்த எண்ணிக்கையையும் வைத்துப் பார்த்ததால் தயங்கியது. ஃபாக்ஸில் அன்று முடிவுகளைக் கணித்த குழுவின் தலைவர் ஜான் எல்லிஸ், புஷ்ஷின் சொந்த அத்தை மகன். நம்ம ஊர் டீக்கடைக்கு அது போதும். ஆனால் மற்ற நான்கு சேனல்களுக்கும் அத்தை மகன் இல்லையே, அவையும் அதைத்தானே சொல்லின.

அங்கே நம் தேர்தல் ஆணையம் மாதிரி நாடு முழுவதற்கும் முடிவு அறிவிக்கும் ஓர் அமைப்பு கிடையாது. எண்ணுவதும் சான்றளிப்பதும் அந்தந்த மாநிலத்தின் வேலை. அதற்கு நாள் பிடிக்கும். அந்த இடைவெளியில் டிவியும் ஏபியும் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டன. சட்டம் கொடுத்த வேலை இல்லை, வழக்கம். ஏபி 1848-லிருந்தே இதைச் செய்கிறது.

தப்பான தலைப்பை விட என்னை உறுத்தியது அதற்குப் பிறகு நடந்ததுதான். ஃபுளோரிடாவில் சுமார் 60 லட்சம் ஓட்டில் கடைசி வித்தியாசம் 537. டிசம்பர் 12-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு முற்றுப்புள்ளி வைக்கும் வரை யாருக்கும் உறுதியில்லை. ஆனால் டிவி ஒருமுறை சொல்லிவிட்டதல்லவா? புஷ் மணமேடையில் உட்கார்ந்துவிட்ட மாப்பிள்ளை. அல் கோர் அவரை எழுப்பச் சொல்லித் தகராறு செய்கிற ஆள். ஜனங்கள் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

இப்போது சேனல்கள் நிதானமாகிவிட்டன. 2020-ல் செவ்வாய்க்கிழமை ஓட்டு, பைடன் பெயரைச் சொன்னது சனிக்கிழமை. நீயும் அன்று ராத்திரி ஏதோ ஒரு சேனல் வரைபடத்தில் ஒரு கட்சியின் கலர் அடித்ததும் எனக்கு ஃபோன் பண்ணாதே. படுத்துத் தூங்கு.

அந்தப் பேப்பர் ஒன்று பரணில், உன் பழைய நோட்டுகளுக்கு அடியில் இருக்கிறது. அம்மா இரண்டு தடவை எடைக்குப் போடப் பார்த்தாள், நான் விடவில்லை. பொங்கலுக்கு வரும்போது எடுத்துத் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா