கோமதிக்கு

அன்புள்ள கோமதி,

நலம். பேரன் பிறந்ததற்கு ஒரு வரிகூட எழுதவில்லை என்று மல்லிகாவிடம் நீ மூக்கைச் சிந்தியது வந்து சேர்ந்தது. குட்டிப் பயலுக்கு என் முத்தம். சண்டையை அப்புறம் வைத்துக்கொள்வோம், ஒரு சேதி சொல்லணும்.

என் முடக்குவாதம் உனக்குத் தெரிந்த கதை. ரத்தத்தில் அழற்சியைக் காட்டுகிற ஈ.எஸ்.ஆர். எப்போதும் ஏறித்தான் இருக்கும், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இந்தத் தடவை அழற்சியைக் காட்டுகிற இன்னொன்றான சி.ஆர்.பி. அழகாக இறங்கிவிட்டது, ஈ.எஸ்.ஆர். மட்டும் இறங்கவில்லை. குளோபுலின் என்கிற ரத்தப் புரதமும் கூடுதல். வாத டாக்டர் விடாமல், ரத்தப் புரதங்களைப் பிரித்துப் பார்க்கிற எலெக்ட்ரோபோரெசிஸ் சோதனை எழுதினார். படத்தில் மேடு மாதிரி படர வேண்டிய இடத்தில் ஊசியாக ஒரு முனை.

இதற்குப் பேர் எம்.ஜி.யு.எஸ்.ஸாம். எலும்பு மஜ்ஜையில் எதிர்ப்புப் புரதம் செய்கிற பிளாஸ்மா செல்களில் ஒரு கூட்டம் ஒரே புரதத்தைச் செய்து தள்ளுகிறது. புற்றுநோய் இல்லை, மைலோமா என்கிற மஜ்ஜைப் புற்றுநோய்க்கு முந்தைய படி. பயப்படாதே. 50 வயது தாண்டியவர்களில் 100க்கு 3 பேருக்கு இது உண்டு, பாதிப் பேருக்கு மேல் தெரியாமலே காலம் தள்ளுகிறார்கள். ஆண்டுக்கு 100ல் ஒருவருக்குத்தான் முற்றுமாம். எனக்கு அந்தப் புரதம் ஐ.ஜி.ஜி. என்கிற வகை, அளவும் குறைவு, அதன் துண்டான லைட் செயினும் சரியாக இருக்கிறது. அதனால் 20 வருஷத்தில் 100க்கு 5 பேருக்கு முற்றும் என்கிற கணக்கில் வருகிறேன்.

சரி, மருந்து என்ன என்றேன். ஒன்றுமில்லை, அவ்வப்போது ரத்தம் பார்ப்போம் என்றார் ரத்தவியல் டாக்டர். அங்கேதான் எனக்கு எரிச்சல். மாத்திரை என்றால் விழுங்கித் தொலைக்கலாம், சும்மா இருப்பது எனக்கு எப்போது வந்தது?

மூட்டு வலியோடு குடும்பம் நடத்தியே பழகியவள் நான். காலையில் விரல் மடங்காது. வெந்நீரில் முக்கி, காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, ஒன்பது மணிக்குத்தான் மனுஷியாவேன். இப்போது இடுப்பில் சுருக்கென்றால், இது பழைய வாதமா, எலும்பை அரிக்க வந்ததா என்று ராத்திரியெல்லாம் விசாரணை. நடமாடினால் தளர்வது மூட்டு வலி, அசைந்தால் கூடுகிற வலி என்றால் உடனே வா என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அது பகலில் உதவுகிறது. வலி மாத்திரை டைக்ளோபெனாக்கை நினைத்தபோது போடவும் தடை, கிட்னிக்கு ஆகாது.

இத்தனை வருஷ அழற்சிதான் இதைக் கொண்டுவந்ததா என்றும் கேட்டேன். மூட்டை வீங்க வைக்கிற அதே ஐ.எல்.-6 என்கிற அழற்சிப் புரதம்தான் மைலோமா செல்லையும் வளர்க்கிறது, அதனால் சந்தேகம் உண்டு, ஆனால் அடித்துச் சொல்ல முடியாது என்றார். இவர் அதைக் கேட்டதிலிருந்து மஞ்சளும் மிளகுமாகக் கரைத்து நீட்டுகிறார். மறுக்க மனமில்லை, குடிக்கவும் முடியவில்லை.

பிள்ளைகளுக்கு இன்னும் சொல்லவில்லை. சின்னவன் கூகுளில் விழுந்தால் எழுப்ப முடியாது. எப்படி ஆரம்பிப்பது என்று நீதான் சொல்லேன், ஊர்ப் பஞ்சாயத்தெல்லாம் உனக்குத்தானே கைவந்த கலை. மல்லிகாவிடம் மட்டும் மூச்சு விடாதே. சாயங்காலத்துக்குள் பூசணிச் சாறோடு வாசலில் நிற்பாள்.

உன்
சாரதா

குட்டியின் பெயரை இன்னும் எழுதவில்லையே, உன் மாமனார் பேர்தானா?