முன்னேற்ற அறிக்கையில் பரம்பரையை எழுதாதீர்கள்

கொழும்புத் தமிழ்மொழிமூலப் பாடசாலைகளின் மதிப்பிற்குரிய அதிபர்களுக்கும் ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். நான் உயர்தர வகுப்புகளுக்கு உயிரியல் கற்பிக்கும் ஆசிரியை. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இயல்புகள் எப்படி வருகின்றன என்று படிக்கும் பிறப்புரிமையியலை இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிவருகிறேன். அந்தப் பாடத்தின் பெயரால் நமது ஆரம்ப வகுப்புகளில் ஒரு தவறு தொடர்ந்து நடந்துவருவதால், இதைத் தனிப்பட்ட கடிதமாக அனுப்பாமல் உங்கள் அனைவருக்குமாக எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு மாலை, கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வாசல் தள்ளிக் குடியிருப்பவர் என்னைத் தேடி வந்தார். புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமை வேலை செய்பவர். தரம் மூன்றில் படிக்கும் மகனின் முன்னேற்ற அறிக்கையை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். பெற்றோர் கூட்டத்தில் வகுப்பாசிரியர், மற்றப் பெற்றோருக்கும் கேட்கும்படியாக, “விளையும் பயிர் முளையிலே தெரியும், தகப்பன் எத்தனையாம் வகுப்பு வரை படித்தீர்கள்?” என்று கேட்டிருக்கிறார். பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “நம்ம ரத்தமே அப்படித்தான் டீச்சர், இவன வேலைக்குப் பழக்கிறவா?” பையனுக்கு அப்போது எட்டு வயது.

அவனுடைய கொப்பிகளை வாங்கிப் பார்த்தேன். கரும்பலகையைப் பார்த்து எழுதிய பக்கங்களில் பிழையே இல்லை. எழுத்தும் உருண்டு திரண்டு அழகாக இருந்தது. சொல்வதெழுதல் பக்கங்களில் மட்டும் சொற்கள் பாதியில் நின்றன, சில இடங்களில் வெறும் இடைவெளிதான் இருந்தது. பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், அவன் திரும்பவில்லை. முன்னால் வந்து பேசியபோது என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அரசாங்க வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டை கிளினிக்கில் பரிசோதித்தபோது, இரண்டு காதுகளிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கியிருப்பது தெரியவந்தது. தடிமன், சளி அடிக்கடி வரும் சிறுவர்களிடம் சாதாரணமாகக் காணப்படும் நிலைமை இது. பலருக்குத் தானாகவே மாறிவிடும், சிலருக்குச் சிறிய சத்திரசிகிச்சை தேவைப்படும். இவனுக்குத் தேவைப்பட்டது. இப்போது சொல்வதெழுதலில் பத்துக்கு எட்டு, ஒன்பது வாங்குகிறான்.

காதில் தேங்கிய நீரை இரத்தத்தின் குற்றமாக வாசித்தோம் என்பதுதான் என் முதல் வருத்தம். ஆனால் இந்தப் பையனின் காதில் எந்தக் குறையும் இல்லாதிருந்தாலும், அவனுடைய வாசிப்புக் கஷ்டம் உண்மையிலேயே தகப்பன் வழி வந்ததாக இருந்தாலும், அந்தக் கேள்வி தவறானதாகவே இருந்திருக்கும். அதை விளக்குவதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

நுவரெலியாவில் வீட்டு வாசல்கள்தோறும் பூக்கும் ஹைட்ரேஞ்சியாவைப் பார்த்திருப்பீர்கள். ஒரே செடியிலிருந்து வெட்டிய இரண்டு தண்டுகளில் ஒன்றை அமிலத் தன்மையுள்ள மண்ணிலும் மற்றதைச் சுண்ணாம்பு கலந்த மண்ணிலும் நட்டால், அமில மண்ணிலுள்ள அலுமினியத்தை உறிஞ்சிய செடி நீலமாகவும் மற்றது இளஞ்சிவப்பாகவும் பூக்கக்கூடும். இரண்டினதும் பரம்பரையலகுகள், அதாவது ஜீன்கள், ஒன்றே. நீலத்தில் எத்தனை வீதம் செடியுடையது, எத்தனை வீதம் மண்ணுடையது என்று கேட்டால் அதற்கு விடை கிடையாது, ஏனெனில் இரண்டும் சேர்ந்தே அந்த நிறத்தை உண்டாக்குகின்றன. எங்கள் மாணவர்கள் பிறப்புரிமையமைப்பு (உயிர் பெற்றுவந்த பரம்பரையலகுகள்), தோற்றவமைப்பு (வெளியே தெரியும் இயல்பு) என்று இரண்டு சொற்களைப் படிப்பது இதற்காகத்தான். பரீட்சையில் அவற்றுக்கு வரைவிலக்கணம் எழுதிப் புள்ளி பெற்ற நாமே, வகுப்பறைக்குள் வந்ததும் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம்.

பரம்பரையாக வருவதை மாற்ற முடியாது என்ற எண்ணம் இதைவிட ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பீனைல்கீற்றோனூரியா என்ற நோயை எடுத்துக்கொள்ளுங்கள். 1934இல் நோர்வே நாட்டு மருத்துவர் அஸ்பியோர்ன் ஃபொலிங் இதைக் கண்டறிந்தார். தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் குறைபாடுள்ள ஒரே பரம்பரையலகு வந்து சேரும்போது, உணவுப் புரதத்திலுள்ள பீனைல்அலனைன் என்னும் அமினோ அமிலத்தை உடலால் மாற்ற முடியாமற்போய், அது இரத்தத்தில் சேர்ந்து குழந்தையின் மூளையைக் கெடுக்கிறது. முழுக்க முழுக்கப் பரம்பரை நோய். ஆயினும் பிறந்த சில நாட்களுக்குள் குதிக்காலில் எடுக்கும் ஒரு துளி இரத்தத்தில் அதைக் கண்டுபிடித்து, அந்த அமினோ அமிலம் குறைந்த உணவைக் கொடுத்து வளர்த்தால், அந்தப் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே படிக்கும். பரம்பரையலகு மாறவில்லை, தட்டிலுள்ள சாப்பாடு மட்டுமே மாறியது.

நமது நாட்டிலும் இதற்கு ஒப்பான ஒன்று நடந்தது. தென்மேற்குப் பகுதிகளில் கழுத்துக் கழலை ஒரு காலத்தில் குடும்பம் குடும்பமாகக் காணப்பட்டது. பாட்டிக்கு இருந்தது, அம்மாவுக்கும் இருந்தது. காரணம் அயடீன் குறைபாடு. கருவில் இருக்கும்போது அயடீன் போதாவிட்டால் மூளை வளர்ச்சியும் பாதிக்கப்படும். 1995இல் உப்புக்கு அயடீன் சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்டதை ஒரு சுகாதார நடவடிக்கையாகவே நாம் நினைவுகூருகிறோம். எனக்கு அது இந்த நாட்டின் மிகப் பெரிய கல்விச் சீர்திருத்தங்களில் ஒன்றாகவும் படுகிறது.

“தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை” என்றும் சொல்கிறோம். கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனியும் அவருடன் பணியாற்றியவர்களும் எலிகளில் இதை ஆராய்ந்தார்கள். குட்டிகளை அதிகம் நக்கிப் பராமரிக்கும் தாய் எலிகளின் குட்டிகள் பதற்றம் குறைந்தவையாக வளர்ந்து, தாமும் அவ்வாறே குட்டிகளைப் பராமரித்தன. குறைவாகப் பராமரித்த தாய்களின் குட்டிகள் பயந்த சுபாவத்தோடு வளர்ந்தன. பார்ப்பதற்கு அசல் பரம்பரைக் குணம்தான். பிறந்தவுடன் குட்டிகளை மாற்றி வைத்தபோது, அவை பெற்றவளைப் போலன்றி வளர்த்தவளைப் போலவே வளர்ந்தன. தாயின் பராமரிப்பு, மன அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு பரம்பரையலகின் மீது இரசாயன அடையாளங்களை மாற்றியமைக்கிறது என்பதை 2004இல் அவர்கள் வெளியிட்டார்கள். எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிட முடியாது. எனினும், தலைமுறை தலைமுறையாகத் தொடர்வதெல்லாம் இரத்தத்தில் வருவதல்ல என்பதை இந்த ஆய்வு தெளிவாகக் காட்டுகிறது.

இதைச் சொன்னதும், “அப்படியானால் வளர்ப்புச் சரியில்லை” என்று அடுத்த தீர்ப்பை எழுதிவிட வேண்டாம் என்று மிகவும் மன்றாடிக் கேட்கிறேன். மட்டக்குளியிலும் முகத்துவாரத்திலும் விடியற்காலையிலேயே வேலைக்குப் போய் இருட்டிய பிறகு வீடு திரும்பும் தாய்மாரின் பிள்ளைகள் நமது வகுப்புகளில் இருக்கிறார்கள். அன்பு குறைந்ததால் அவர்கள் வீட்டில் இல்லாமலிருக்கவில்லை. வளர்ப்பு என்பதில் வீடு மட்டும் அடங்குவதில்லை. கர்ப்பிணித் தாய்க்குக் கிடைத்த திரிபோஷ சத்துமாவும், முட்டையின் விலையும், கிளினிக் பதிவேட்டிலுள்ள நிறைக் கோடும், ஒரு நாளில் ஐந்தாறு மணி நேரம் பிள்ளையோடு இருக்கும் நீங்களும் அதில் அடங்குகிறீர்கள்.

பரம்பரையே இல்லை என்று நான் சொல்லவில்லை. எழுத்துகளைக் கோத்து வாசிப்பதிலுள்ள சிரமம் சில குடும்பங்களில் தொடர்ந்து வருவது உண்மை. அத்தகைய பிள்ளைக்கு ஒலியையும் எழுத்தையும் இணைத்து, பொறுமையாக, முறையாக, சீக்கிரமாகக் கற்பிக்கத் தொடங்க வேண்டும். குடும்பத்தில் இருக்கிறதா என்று நீங்கள் கேட்பதானால், அந்த உதவியை முன்கூட்டியே தொடங்குவதற்காகக் கேளுங்கள், அதையும் தனியே அழைத்துக் கேளுங்கள்.

பாடசாலை மருத்துவப் பரிசோதனை எல்லாத் தரங்களுக்கும் ஒவ்வோர் ஆண்டும் வருவதில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் பிள்ளையைப் பார்க்கும் கண் வகுப்பாசிரியருடையதே. பிள்ளை பின்தங்கினால் முதலில் காதையும் கண்ணையும் காலைச் சாப்பாட்டையும் விசாரியுங்கள், முன் வாங்கில் உட்காரவையுங்கள். தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளியை மனதில் வைத்து, தரம் மூன்றிலேயே கெட்டிக்காரர் ஒரு பிரிவு, மற்றவர் ஒரு பிரிவு என்று பிரிக்கும் பாடசாலைகள் அதை நிறுத்த வேண்டும். நல்ல மண்ணை ஒரு பாத்திக்கு மட்டும் போட்டுவிட்டு விதையைக் குறை சொல்வதற்கு உயிரியலில் எந்த ஆதாரமும் இல்லை.

அந்தப் பையனின் அறிக்கையில் “கற்கும் திறன் குறைவு, குடும்பப் பின்னணி” என்ற வரி இன்னும் அப்படியே இருக்கிறது. தகப்பன் அதை ஒரு பொலித்தீன் உறையில் போட்டு, பிறப்புச் சான்றிதழோடு வைத்திருக்கிறார். அந்த வரியை எழுதியவர் இதை வாசித்தால், அதைத் திருத்தி, திகதியிட்டு, ஒப்பமிட்டு அவரிடம் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். உங்கள் அலுமாரிகளில் இதுபோன்ற வரிகள் உள்ள அறிக்கைகள் வேறும் இருந்தால், அடுத்த தவணை தொடங்குவதற்கு முன் அவற்றையும் எடுத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியை ஒருவர்
கொழும்பு 13