அட்வெஞ்சர் மோட்டார் சைக்கிள்: அட்டவணையில் எடைக்கும் ஓர் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நெடுஞ்சாலை, மலைப்பாதை, மண் தடம் ஆகிய மூன்றிலும் ஓட்டத்தக்க 'அட்வெஞ்சர்' வகை மோட்டார் சைக்கிள்களை ஒப்பிட்டு, தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். வண்டிகளின் சிசி அளவு, குதிரைத்திறன், விலை ஆகியவை அட்டவணையாகத் தரப்பட்டிருந்தன. எடையைப் பற்றி மட்டும் அதில் ஒரு வரியும் இல்லை. வசதி இருந்தால் பெரிய வண்டியையே வாங்கிவிடலாம், எந்தப் பாதையானாலும் அது சமாளித்துவிடும் என்ற கருத்தோடு கட்டுரை முடிந்திருந்தது. சென்னையிலிருந்து ஜவ்வாது மலைக்கும் கல்வராயன் மலைக்கும் தெற்கே தேரிக்காடுகள் எனப்படும் செம்மணல் மேடுகளுக்கும் மோட்டார் சைக்கிளில் சென்றுவரும் வழக்கம் உள்ளவன் என்ற முறையில், இந்த முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை.

சென்னைக்காரர் ஒருவரின் வழக்கமான பயணத்தையே எடுத்துக்கொள்வோம். திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் வரை இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தார்ச்சாலைதான். அதன்பின் மலைக்கிராமங்களுக்குப் பிரிந்து செல்லும் கிளைப்பாதைகளில்தான் செம்மண்ணும் சரளையும், மழைநீர் அரித்து உண்டாக்கிய பள்ளங்களும் தொடங்குகின்றன. தொலைவை மட்டும் கணக்கிட்டால் பயணத்தில் பத்தில் ஒன்பது பங்கு தார்ச்சாலை என்பதால், அதற்கேற்ற கனமான, வேகமான வண்டியே பொருத்தம் என்று தோன்றும். கட்டுரையாளரும் அப்படித்தான் வாதிட்டிருந்தார். ஆனால் தார்ச்சாலையில் இலகுவான வண்டியால் நேரும் இழப்பு என்ன? சேருமிடத்துக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போவோம், முதுகு சற்றுக் கூடுதலாக வலிக்கும், அவ்வளவுதான். அரித்துப்போன மண் பாதையில் கனமான வண்டியால் நேரும் இழப்போ வளைந்த கிளட்ச் லீவர், உடைந்த கால்மிதி, சில வேளைகளில் வண்டிக்கும் பாறைக்கும் இடையில் சிக்கிய கால். இரண்டும் ஒரே வகையான இழப்பு அல்ல. ஆகவே பயணத்தின் பெரும்பகுதியைப் பார்த்து வண்டியைத் தேர்ந்தெடுப்பதைவிட, அதன் மிக மோசமான பகுதியைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே சரி என்பது என் கருத்து.

எடைக் கணக்கையும் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி வண்டி ஏறத்தாழ 160 கிலோ. நம் ஊரிலேயே தலைமையகம் கொண்ட ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450, அதாவது 2023 நவம்பரில் அறிமுகமான 452 சிசி வண்டி, 196 கிலோ. பிஎம்டபிள்யூ ஆர் 1300 ஜிஎஸ் 237 கிலோ. இவை பெட்ரோலோடு சேர்த்த எடைகள். சில நிறுவனங்கள் பெட்ரோல் இல்லாத எடையை விளம்பரம் செய்கின்றன. ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ முக்கால் கிலோ. ஹிமாலயனின் 17 லிட்டர் டேங்க்கை நிரப்பினால் அதுவே பன்னிரண்டு கிலோவுக்கு மேல். இரும்புப் பாதுகாப்புக் கம்பிகள், எஞ்சினுக்கு அடியில் பூட்டும் தகடு, பக்கவாட்டுப் பெட்டிகள், அவற்றைத் தாங்கும் சட்டம், உடைகள், கருவிகள் என்று சேர்த்துக்கொண்டே போனால் முப்பது கிலோ தெரியாமலே ஏறிவிடும். அந்த முப்பது கிலோவையும் ஏற்றிய பிறகும் எக்ஸ்பல்ஸ், ஒன்றுமே ஏற்றாத ஹிமாலயனைவிட எடை குறைவாகவே இருக்கும். ஷோரூமில் வெற்று வண்டியைச் சிறிது தூரம் ஓட்டிப் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு தெரிய வழியே இல்லை.

வேகமாக ஓடும்போது எடை ஒரு பொருட்டாகவே தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேகமே வண்டியை நிமிர்த்தி வைக்கும். கனமான வண்டி அப்போது இன்னும் நிதானமாக ஓடுவதாகவே தோன்றும். நடை வேகத்துக்கு வரும்போதுதான் நிலைமை மாறுகிறது. உருட்டுக்கற்கள் நிறைந்த ஏற்றத்தில் கிளட்ச்சை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து செல்லும்போது, ஒரு கல்லில் முன்சக்கரம் விலகினால் வண்டி ஒரு பக்கம் சாயத் தொடங்கும். சில பாகை சாய்வு வரை காலை ஊன்றித் தாங்கிவிடலாம். அதைத் தாண்டினால் யாராலும் தாங்க முடியாது. அந்த எல்லை எவ்வளவு சீக்கிரம் வரும் என்பதை எடையும், எடை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதுமே தீர்மானிக்கின்றன. நிரம்பிய பெட்ரோல் டேங்க்கும் பின்னால் உயரமாகக் கட்டிய பையும் இடுப்பில் வைக்க வேண்டிய குடத்தைத் தலையில் ஏற்றியதுபோலத்தான்.

சீட்டின் உயரமும் இதோடு சேர்ந்தது. நான் குறிப்பிட்ட எக்ஸ்பல்ஸும் ஹிமாலயன் 450ம் 825 மில்லிமீட்டர் சீட் உயரத்திலேயே வருகின்றன. எண் ஒன்றுதான் என்றாலும் ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவர் இரண்டிலும் ஏறி, சரிவான தரையில் நுனிக்காலை ஊன்றி நின்று பார்த்தால் வேறுபாடு உடனே விளங்கும். பள்ளம் இருக்கும் பக்கத்தில் கால் எட்டாது. எட்டாத இடத்தில் 160 கிலோவைச் சமாளிப்பதும் 230 கிலோவைச் சமாளிப்பதும் ஒன்றல்ல. குறுகிய ஒற்றையடிப் பாதையில் மரம் விழுந்து கிடந்தால், இறங்கி நின்று வண்டியைப் பின்னால் தள்ளி, மேட்டுப் பக்கமாகத் திருப்ப வேண்டியிருக்கும். தனியாகச் செல்பவர் தன் வண்டியை, அதன் சுமையோடு, உதவி இல்லாமல் தூக்கி நிறுத்தவும் திருப்பவும் முடியுமா என்பதை வாங்கும் முன்பே சோதித்துக்கொள்ள வேண்டும். தூக்கும் முறையைக் கற்றுக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் சேற்றில் மூன்றாவது முறை தூக்கும்போது முறையைவிட எடையே பேசும்.

தூத்துக்குடி மாவட்டத்தின் தேரி மணலிலும் இதே கதைதான். கனமான வண்டியின் முன்சக்கரம் மணலை உழுதுகொண்டு புதைகிறது. பின்சக்கரம் சுழன்று குழி பறிக்கிறது. 21 அங்குல முன்சக்கரம் இருந்தால் ஓரளவு உதவும். அது இரு வகை வண்டிகளிலும் கிடைக்கிறது என்பதால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது.

கனமான வண்டியின் பக்கத்திலும் வலுவான நியாயங்கள் உள்ளன. அவற்றை மறைத்தால் நானும் அந்தக் கட்டுரையாளர் செய்ததையே எதிர்த்திசையில் செய்தவன் ஆவேன். முதலாவது, இருவராகச் செல்லும் பயணம். ஒவ்வொரு வண்டிக்கும் தாங்கத்தக்க சுமைக்கு வரம்பு உண்டு. வளர்ந்த இருவர் ஏறினாலே சிறிய வண்டிகளில் அந்த வரம்பு பெரும்பாலும் நிரம்பிவிடும். அதற்கு மேல் பெட்டிகளையும் மாட்டினால் பின் சஸ்பென்ஷன் அடிவரை அமுங்கும், பின்பக்கச் சட்டம் விரிசல் விடும், பிரேக் பிடித்து நிறுத்தும் தூரமும் கூடும். மனைவியோடு அல்லது கணவரோடு ஒரு வாரம் சுற்ற விரும்புபவருக்கு 200 சிசி வண்டியைப் பரிந்துரைப்பது நேர்மையாகாது.

இரண்டாவது, காற்று. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பகுதியில் காற்றாலைகளுக்கு நடுவே செல்லும் நெடுஞ்சாலையில் இலகுவான, உயரமான வண்டியை ஓட்டியவர்களுக்கு அது பக்கவாட்டில் தள்ளப்படும் விதம் தெரியும். எதிரே வரும் ஆம்னி பேருந்து கடக்கும்போது ஒரு கணம் காற்று தடைபட்டு, மறுகணம் மீண்டும் அறையும். பாலக்காட்டுக் கணவாயின் காற்று வீசும் உடுமலைப்பேட்டைப் பக்கமும் அப்படியே. அங்கெல்லாம் கூடுதலான நாற்பது கிலோ ஒரு பாதுகாப்பு. எக்ஸ்பல்ஸின் 19 குதிரைத்திறன் எஞ்சினுக்கு, மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்றும் சேர்ந்தால், லாரியை முந்துவதற்கு மீதி வலு ஏதும் இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, லடாக். சென்னை இளைஞர்கள் பலருக்கும் அது கனவுப் பயணம். 5,359 மீட்டர் உயரமுள்ள கர்துங் லா கணவாயில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழப் பாதிதான். காற்றில் ஆக்சிஜன் குறையும் அளவுக்கு எஞ்சினின் வலுவும் குறைகிறது. எரிபொருள் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் அளவைத்தான் சரிசெய்யும், இல்லாத காற்றை உண்டாக்காது. ஹிமாலயனின் 40 குதிரைத்திறன் பாதியாகக் குறைந்தாலும் ஏற்றம் ஏறலாம். எக்ஸ்பல்ஸின் 19 பாதியானால், சுமையோடு முதல் கியரில் முனகிக்கொண்டுதான் ஏற வேண்டும். ஏறாமல் நின்றுவிடாது. பொறுமை வேண்டும்.

உலகப் பயணிகளின் அனுபவமும் இந்த இரு பக்கங்களையும் காட்டுகிறது. 2004இல் நடிகர்கள் யுவன் மெக்ரிகரும் சார்லி பூர்மனும் லண்டனிலிருந்து நியூயார்க் வரை பிஎம்டபிள்யூ ஆர் 1150 ஜிஎஸ் வண்டிகளில் உலகைச் சுற்றியபோது, மங்கோலியாவின் சேற்றில் அந்தக் கனத்த வண்டிகளோடு போராடியது பலரும் அறிந்தது. அங்கே உடன் வந்த ஒளிப்பதிவாளரின் வண்டி பழுதானதால் அவர் வாங்கி ஓட்டியது ரஷ்யாவின் இஷ் பிளானெட்டா என்னும் எளிய வண்டி. அந்தப் பாதையில் அது மற்ற இருவரின் வண்டிகளைவிட இலகுவாகவே சென்றது. இங்கிலாந்தைச் சேர்ந்த லோயிஸ் பிரைஸ் அலாஸ்காவிலிருந்து தென்னமெரிக்காவின் தென்கோடி வரை சென்றது 225 சிசி யமஹாவில். பாலைவனங்களைக் கடக்கும் நெடும்பந்தயமான டக்காரில் 2011 முதல் 450 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களுக்கு இடமில்லை என்பதையும் சிலர் இலகு வண்டிக்குச் சான்றாகக் காட்டுவார்கள். அந்த ஒப்பீட்டை நான் ஏற்கவில்லை. கேரளத்தின் ஹரித் நோவா 2024இல் டக்கார் பந்தயத்தின் ராலி 2 பிரிவில் வென்ற வண்டிக்கு இரவுதோறும் பராமரிப்பு செய்ய ஒரு குழு இருந்தது. நமக்குப் போளூரில் ஒரு மெக்கானிக் கிடைத்தாலே பெரிது.

விலையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள மோட்டார் சைக்கிள்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதம். அன்றுமுதல் இடைவெளி இன்னும் பெரிதாகிவிட்டது. பெரிய வண்டிகள் எந்த அகன்ற விரைவுச்சாலைகளுக்காக வாங்கப்படுகின்றனவோ அவையும் இருசக்கர வாகனங்களுக்கு ஒவ்வொன்றாக அடைபட்டு வருகின்றன. பெங்களூரு-மைசூரு விரைவுச்சாலையின் மையப்பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் மோட்டார் சைக்கிள்களுக்கு அனுமதி இல்லை. 1,300 சிசி வண்டியும் அங்கே சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும்.

இவை அனைத்தையும் எடைபோட்டு நான் சொல்லக்கூடியது இதுதான். தனியாகச் செல்பவர், தமிழ்நாட்டு மலைகளின் மண் பாதைகளையே பெரும்பாலும் நாடுபவர், பெட்ரோலோடு 180 கிலோவைத் தாண்டாத வண்டியைத் தேடுவது நல்லது. இருவராகச் செல்வோரும் லடாக்கை மனத்தில் வைத்திருப்போரும் ஹிமாலயன் போன்ற 200 கிலோவை ஒட்டிய நடுத்தர வண்டிகளைப் பார்க்கலாம். அவர்கள் மோசமான பாதைகளில் பெட்டிகளைத் தங்கும் விடுதியிலேயே இறக்கி வைத்துவிட்டுச் செல்லும் பழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும். 220 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிகள் தார்ச்சாலையில் ஈடு இணையற்றவை. அவற்றை மண்ணிலும் திறமையாக ஓட்டுபவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் அதற்கெனப் பயிற்சி பெற்றவர்கள், பெரும்பாலும் குழுவாகச் செல்பவர்கள்.

கட்டுரையோடு வெளியான, ஒரு பெரிய வண்டி காட்டாற்றில் நீரைக் கிழித்துக்கொண்டு பாயும் படத்தைப் பற்றியும் ஒரு சொல். காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியின்றி வண்டி ஓட்டுவது குற்றம். அந்தப் படத்துக்குக் கீழே இதையும் ஒரு வரியாகச் சேர்த்திருக்கலாம்.

தங்களிடம் என் வேண்டுகோள் சிறியது. இனி இத்தகைய வண்டிகளை மதிப்பிடும்போது பெட்ரோல் நிரப்பிய எடை, சீட் உயரம், வண்டி தாங்கத்தக்க சுமையின் வரம்பு ஆகிய மூன்றையும் அட்டவணையில் தவறாமல் வெளியிட வேண்டும். மதிப்பீடு செய்பவர் தன் உயரத்தையும், சாய்ந்து கிடந்த வண்டியைத் தனியாகத் தூக்க முடிந்ததா என்பதையும் எழுதினால் இன்னும் பயன்படும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 35 கிலோவாட்டுக்கு (ஏறத்தாழ 47 குதிரைத்திறன்) மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களை ஓட்டத் தனித் தகுதி பெற வேண்டியிருக்கிறது. நம் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கு ஒரே உரிமம்தான். 18 வயது நிரம்பியவர் 100 சிசி வண்டியை ஓட்டிக் காட்டித் தேர்வில் தேறி, மறுநாளே 237 கிலோ வண்டியைச் சாலைக்குக் கொண்டுவரலாம். அந்த நிலை இருக்கும்வரை, வாங்குபவரை எச்சரிக்கும் பொறுப்பில் ஒரு பங்கு தங்கள் வாகனப் பகுதிக்கும் உண்டு.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பெரம்பூர், சென்னை