உன் பக்கத்தை நாங்கள் நீக்கவில்லை

ஈசூன், சிங்கப்பூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள நண்பா,

இங்கே நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா என்று எழுது. இரண்டு நாளாக விடாத மழை. துணியை உள்ளே எடுப்பதும் வெளியே போடுவதுமாகவே வார இறுதி போய்விட்டது.

2003இல் நாம் ஒரே அறையில் தங்கியிருந்தபோது, தேக்காவில் மளிகைக் கடை வைத்திருந்த பெரியவருக்காக நீ ஒரு கையேடு எழுதினாயே, நினைவிருக்கிறதா? கடைக் கணக்கு மென்பொருளை எப்படி நிறுவுவது, தினமும் இரவு கணக்கை எப்படிப் பிரதி எடுத்து வைப்பது என்றெல்லாம். அந்தப் பக்கம் இன்னும் எங்கள் தளத்தில் இருக்கிறது. அதை எடுத்துவிடலாமா என்று போன மாதம் பேச்சு வந்தது. அதைத்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

அந்தக் கணக்கு மென்பொருள் திட்டத்துக்கு இப்போது மூன்று தளங்கள். முகப்புத் தளம், பலரும் சேர்ந்து திருத்தும் விக்கி, கையேட்டுத் தளம். மூன்றிலும் நிறுவும் முறை மூன்று விதமாக இருந்தது. எவரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. அவரவர் வந்த காலத்தில் தெரிந்ததை எழுதிவிட்டுப் போனார்கள். விக்கி ஓடுவதற்குப் பைத்தான் 2 என்ற பழைய நிரல்மொழி தேவைப்பட்டது. அதற்கான ஆதரவு 2020 ஜனவரியோடு நின்றுபோனது, ஆகவே இனியும் தள்ளிப்போட முடியாது என்று நாலு பேர் சேர்ந்து இறங்கினோம். நான், ஜொகூர் பாருவில் ஒருவர், ஜெர்மனியில் ஓர் அம்மா, பிரேசிலில் ஒரு கல்லூரி மாணவன். செவ்வாய்தோறும் இங்கே இரவு 9 மணி, பிரேசிலில் காலை 10. யாருக்கும் சம்பளம் கிடையாது. மாணவனுக்குப் பரீட்சை வந்தால் அவன் பங்கு நின்றுவிடும், எங்களில் ஒருவர் எடுத்துக்கொள்வோம்.

புதிதாக எழுதுவதுதான் பெரிய வேலை என்று நினைத்திருந்தேன். அதில் பாதி நேரம்கூடப் போகவில்லை. நேரம் போனதெல்லாம் பழைய முகவரிகளில்தான். யாரோ பதினைந்து வருடத்துக்கு முன் எங்கோ குறித்து வைத்த லிங்கைத் தட்டி வருகிறார், அவருக்கு "பக்கம் இல்லை" என்று காட்டினால் நம் தளம் அவரைப் பொறுத்தவரை செத்துப்போனதுதான். ஆகவே இடம் மாறிய ஒவ்வொரு பழைய முகவரிக்கும் புதிய இடத்தைக் காட்டும் 301 ரீடைரக்ட் ஒன்றை உட்கார்ந்து எழுதினோம். பல இரவுகள் இதிலேயே போயின. எனக்குப் பிடித்த வேலையும் இதுதான்.

சரி, உன் பக்கத்துக்கு வருகிறேன். அதை நீ திஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறிமுறையில் எழுதியிருந்தாய். இன்றைய பிரவுசரில் திறந்தால் வெறும் கிறுக்கல். திஸ்கியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும், "கொ" என்றால் கொம்பு முதலில், பிறகு க, பிறகு கால். இன்றைய குறிமுறையான யூனிகோடில் மெய் முதலில் வர வேண்டும். ஒரு சின்ன நிரல் எழுதி வரிசையை மாற்றினேன். "வணக்கம் ஐயா, பயப்படாமல் தொடங்குங்கள்" என்ற உன் முதல் வரி திரையில் வந்தபோது கண் கலங்கிவிட்டது. 1995இல் நா. கோவிந்தசாமி இந்த ஊரிலிருந்து தமிழை இணையத்தில் ஏற்றியபோது எழுத்துருவுக்கே எவ்வளவு போராடியிருப்பார் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் மூன்றாம் பகுதியில் ஒரு சிக்கல். பிரதி எடுக்க நீ கொடுத்த கட்டளை, புதிய பதிப்பில் பழைய கணக்கின் மேலேயே எழுதிவிடும். ஒரு கடைக்காரர் உன்னை நம்பி அதைத் தட்டினால் ஒரு வருடக் கணக்கு போய்விடும். அந்த ஜெர்மன் அம்மா பக்கத்தையே எடுத்துவிடச் சொன்னார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இரண்டு நாள் கழித்து யோசித்தபோது அவர் பயம் நியாயமானது என்று பட்டது. தமிழில் இருக்கிறது என்பதற்காகத் தவறான வழியை வைத்திருப்பது தமிழ் படிப்பவருக்குத்தானே துரோகம்?

அப்புறம் டெபியன் என்ற இலவச இயங்குதளத்தை உருவாக்குகிறவர்களின் முறையைப் பார்த்தோம். அங்கே ஒவ்வொரு மொழிபெயர்ப்புப் பக்கமும், மூலத்தின் எந்தப் பதிப்பிலிருந்து பெயர்க்கப்பட்டது என்ற குறியைத் தன் தலையிலேயே வைத்திருக்கும். மூலம் மாறியதும் மொழிபெயர்ப்பு பின்தங்கியது தெரிந்துவிடும், படிப்பவருக்கும் மேலே ஓர் எச்சரிக்கை தெரியும். 2018இல் அவர்கள் தளத்தை, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் பழைய மென்பொருளான சிவிஎஸ்ஸிலிருந்து புதிய கிட்டுக்கு மாற்றியபோது, 1.12 போன்ற பழைய பதிப்பு எண்களுக்குப் பதில் ஒவ்வொரு மாற்றத்தையும் அடையாளம் காட்டும் நீளமான கமிட் குறிகள் வந்தன. எத்தனை மொழிகள், எத்தனை பக்கங்கள்! அத்தனையிலும் மாற்ற வேண்டியிருந்தது. அதைப் பார்த்தபின் எங்கள் வேலை சிறிதாகத் தெரிந்தது.

அதே வழியில் உன் பக்கத்தின் மேலே எச்சரிக்கை போட்டோம், மூன்றாம் பகுதியை மட்டும் நீக்கினோம். மற்றதெல்லாம் உன் சொற்களிலேயே, பழைய முகவரியிலேயே இருக்கிறது. உன் பெயரும் அடியில் இருக்கிறது.

இப்போது ஒரு வேண்டுகோள். மூன்றாம் பகுதியை நீயே புதிதாக எழுதித் தருவாயா? நான் எழுதிப் பார்த்தேன், அலுவலகச் சுற்றறிக்கை போல வந்தது. அந்தப் பெரியவர் எதிரில் உட்கார்ந்திருப்பதாக நினைத்து நீ எழுதியது போல் எனக்கு வரவில்லை. ஆங்கில மூலத்தை இத்துடன் அனுப்புகிறேன், ஒரு பக்கம்தான். முடிந்தால் செவ்வாய்க் கூட்டத்துக்கும் வா. மதுரையில் அப்போது மாலை 6.30.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்